மாமியார் வாங்கிய தபால்

மார்ச் 14.

இன்றைய தவறு என்னுடையது. கணவர் பெயருக்குக் கோர்ட்டிலிருந்து தபால் வரும், வாங்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லி வைக்க மறந்துவிட்டேன்.

விவாகரத்து மனுவை வக்கீல் வைக்காமல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். காணாமல் போனவராக இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பித்தான் ஆக வேண்டும். அவர் கடைசியாகக் குடியிருந்த விலாசத்துக்கு. அது எங்கள் வீடு.

‘ஆள் இல்லை’ என்று தபால் திரும்பினால்தான் வழக்கு நகரும். வழக்கு முடிந்தால்தான் நான் யாருடைய மனைவியும் இல்லை.

தபால் திரும்பவில்லை.

கோர்ட் குமாஸ்தா ஒப்புகை அட்டையை, வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

“ஆளைக் காணோம்னு மனுவும் போட்டுட்டு, அதே வீட்டுல கையெழுத்துப் போட்டுத் தபாலையும் வாங்கியிருக்கீங்களே! ஒரு வக்கீல வெச்சிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமாம்மா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அட்டையில் மாமியாரின் கோணல் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகும், நான்தான் மனுவில் ஏதோ தப்பாக எழுதிவிட்டேனோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தெருமுனையில் இறங்கியபோதுதான் கோபம் வந்தது.

நான் படிக்கும் மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை. நேரே வீடு.

மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மகன் போன பிறகும் அவர் என்னோடுதான் இருக்கிறார். போகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

“அந்தத் தபால ஏன் அத்தை வாங்குனீங்க?”

“எம்புள்ள பேருக்கு வந்ததை நான் வாங்காம, எதிர்வீட்டுக்காரியா வந்து வாங்குவா?”

“சரி, எடுத்துக் குடுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.

நானே தேடினேன். பீரோவைக் கலைத்தேன். மெத்தையைப் புரட்டினேன். சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். டப்பா மூடி ஒன்று தரையில் உருண்டு சுவரில் மோதியது.

“வீட்டை ஏன்டி தலைகீழாக்குற? அவன் கையிலயே குடுத்துட்டேன்,” என்றார், தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே.

கணவரைத் தேடிப் போன பிணவறையில் ஊழியர் ஒவ்வொரு முகத்திலிருந்தும் துணியை விலக்கிக் காட்டியபோது, என் தோளில் சாய்ந்து அழுதவர் இவர்.

நாளை: மனுவில் ‘இருக்குமிடம் தெரியவில்லை’ என்ற வரியை அடிக்க வேண்டும். மாமியாரைச் சாட்சியாகச் சேர்க்க வேண்டும்.