வெலிச்காவின் கேப்டன்

எங்கள் மாடி வீட்டு ரலிட்சா செத்தவர்களின் பெயரைத் திருடுகிறாள். சும்மா சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன்.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ரூசே நகரத்தில் யாராவது போய்ச் சேர்ந்தால், போட்டோவும் பெயரும் போட்ட இரங்கல் தாளை வாசல் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. நாங்களெல்லாம் நின்று, உச்சுக் கொட்டிவிட்டுப் போவோம். ரலிட்சா மட்டும் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வாள்.

"அடியே, எதுக்குடி இது?"

"கதாநாயகிக்குப் பேர் வேண்டாமா போல்யா? பிறக்கிற பிள்ளைங்க பேரெல்லாம் இப்ப சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு."

அவள் காதல் நாவல் எழுதுகிறவள். வயசு அறுபத்திரண்டு. காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது பெயர் பொறுக்குவாள். சாயங்காலம் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வசனம் பேசிப் பார்ப்பாள். ஒருநாள் "தொடாதே, துரோகி!" என்று அவள் போட்ட சத்தத்தில், என் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் ஸ்பானரை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்.

அவள் நாவல் ஒன்று விடாமல் நான் படித்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

ஒருத்தர் பெயரையும் இன்னொருத்தர் குடும்பப் பெயரையும் கலந்துதான் வைப்பாள். அதனால் யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை மாட்டிக்கொண்டாள். புது நாவலில் கதாநாயகி பெயர் வெலிச்கா தோரெவா. முழுப் பெயரும் அப்படியே!

வெலிச்கா பக்கத்துத் தெருத் தையல்காரி. கல்யாணமே ஆகாமல் ஐம்பத்தெட்டு வயசில் போன வருஷம் போய்விட்டாள், பாவம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி தின்கோவுக்கு ஆக்கிப் போட்டே காலம் போயிற்று. "எனக்காகத்தான் அக்கா கல்யாணமே வேண்டாம்னுட்டா" என்று தின்கோ ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்த தின்கோதான் நேற்றுக் காலை நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மூஞ்சி மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"அந்த எழுத்தாளரம்மா வீடு எது?"

"வாங்க, நானே காட்டறேன்" என்று கூடவே ஓடினேன். இப்படி ஒரு வேடிக்கையை விடுவேனா?

ரலிட்சா கதவைத் திறந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"இது எங்க அக்கா பேரும்மா! அக்கா எந்த ஆம்பளையையும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. நீங்க என்னடான்னா படகுக் கேப்டன் ஒருத்தனோட டான்யூப் கரையில கைகோத்து நடக்க விட்டிருக்கீங்க! தொண்ணூத்தாறாம் பக்கத்துல முத்தம் வேற!"

"நல்லாக் கேளுங்க" என்றேன் நான்.

ரலிட்சாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தப்புதான், மன்னிச்சிருங்க. வழக்கமா பேரைப் பிரிச்சுடுவேன். அந்தப் போட்டோவுல அவங்க சிரிச்ச சிரிப்பைப் பார்த்ததும் பிரிக்க மனசு வரலை. யாராவது ஒருத்தர் அந்தப் பேரை ஆசையாக் கூப்பிடட்டுமேன்னு தோணிச்சு. அடுத்த அச்சுல மாத்திடறேன்."

"மாத்துவீங்களா? யாரு மாத்தச் சொன்னா?"

அவர் பாட்டுக்கு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பதாம் பக்கத்துல காபி குடிக்கறா. அக்காவுக்குக் காபி ஆகாது. லிண்டன் பூ டீதான். அதை மட்டும் மாத்துங்க."

"சரிங்க."

"தலைமுடியும் அவ்வளவு நீளம் கிடையாது."

"அதையும் மாத்திடறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எதுக்கய்யா இந்தக் கத்து கத்தினீங்க?"

தின்கோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்தார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு காகிதம் செருகியிருந்தது.

"ரெண்டு நாளா இங்கேயே நிக்கறேம்மா. மேல படிக்கப் பயமா இருக்கு. அந்தக் கேப்டன் எங்க அக்காவைக் கட்டிக்கறானா, இல்ல விட்டுட்டுப் போயிடறானா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"கட்டிக்கறார்" என்றாள் ரலிட்சா மெதுவாக. "மாதா கோயில்ல. ஊரே வந்து நிக்குது."

"நடுவுல யாரும் கெடுத்துடலையே?"

"யாரும் இல்லை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரலிட்சா எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அக்கா மேல் இப்படி உயிராக இருக்கிற தம்பி யாருக்குக் கிடைப்பான்?

"இன்னும் ஒண்ணு" என்றார் தின்கோ. "கதையில அவளுக்குத் தம்பின்னு யாராவது வர்றானா?"

"இல்லையே. வேணும்னா அடுத்த அச்சுல உங்களையும் சேத்துடறேன். பாசமான தம்பியா."

"வேண்டாம்மா, சேத்துடாதீங்க." புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நிஜத்துல ஒரு தச்சர் அவளைப் பொண்ணு கேட்டு வந்தாரு. எனக்கு யாரு சோறு போடுவாங்கன்னு நினைச்சு, அக்காவுக்கு இஷ்டமில்லைன்னு பொய் சொல்லி வாசலோட அனுப்பினேன். அவர் வந்துட்டுப் போனதே அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."