வர்தாகிஸ் சிவப்பு

"எங்க வீட்டு ரத்தம் உன் வீட்டுக்கு எப்படிய்யா வந்துச்சு?"

மனூசோஸ் வர்தாகிஸ் போட்ட சத்தத்தில் ஹன்யா துறைமுகத்துச் சந்தைக் கூடமே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற ஸ்ட்ராடிஸ், பிள்ளையை மறைப்பவன் போலத் தன் கண்ணாடித் தொட்டியின் முன்னால் நகர்ந்துகொண்டான்.

தொட்டிக்குள் இருந்தது ஒரு பவளம். மாதுளை முத்தின் சிவப்பு. விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சை.

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்த்து, துண்டு துண்டாக வெட்டி விற்பவர்கள் கூடும் சந்தை அது. அந்தச் சிவப்பு கிரீட் தீவிலேயே தன் வீட்டில் மட்டும்தான் உண்டு என்பது மனூசோஸின் பெருமை. அதற்குக் குடும்பப் பெயரையே சூட்டியிருந்தார். மற்ற ரகங்களை விற்பார். வர்தாகிஸ் சிவப்பில் ஒரு துணுக்கைச் சொந்தத் தம்பிக்குக்கூடத் தந்ததில்லை.

"அதோட குணம் உனக்கு என்னடா தெரியும்? போன குளிர்காலத்துல முட்டி ஆபரேஷனுக்கு ஏதென்ஸ் போயிருந்தேன். வந்து பார்த்தா, சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது காப்பி சாஸர் அளவுக்கு இளைச்சுக் கிடக்கு. என்னைக் காணாத ஏக்கம்! அர்கிரோதான் சொன்னா. இல்லையாடி?"

அவர் மனைவி அர்கிரோ கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "இப்ப எதுக்குங்க அந்தக் கதை? வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"நான் திருடலை அண்ணே. இது பல வருஷமா எங்க வீட்லதான் இருக்கு." ஸ்ட்ராடிஸ் ஒருமுறை அர்கிரோவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"உன்னை ஏன் கேக்கறேன்? பவளத்தையே கேக்கறேன்."

பவளம் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். இரண்டு துண்டுகளை ஒரே கல்லில் அருகருகே ஒட்டிவைக்க வேண்டும். ஒரே தாய்ப் பவளத்திலிருந்து வெட்டியவை என்றால் ஒன்றாகக் கூடி வளரும். வேறு வேறு என்றால் ஒன்றையொன்று கொட்டிச் சண்டை போட்டு, நடுவில் வெள்ளைக் கோடு விழும்.

மனூசோஸ் மீசையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "ரெண்டும் சேரலைன்னா இந்த மீசையை எடுக்கறேன். சேர்ந்துச்சுன்னா, அடுத்தவன் வீட்டுப் பவளத்தை எவன் வச்சிருக்கானோ அவன் மீசை போகணும். அப்புறம் நம்ம பவளச் சங்கத்துப் பக்கமே அவன் தலை தெரியக்கூடாது!"

இருவர் துண்டையும் ஒட்டிய கல், பாதிரியார் நிக்கிஃபோரோஸ் வீட்டுத் தொட்டிக்குப் போனது. ஊரில் இரண்டு தரப்பும் நம்பும் தொட்டி அது ஒன்றுதான்.

ஈஸ்டர் முடிந்ததும் எல்லாரும் அங்கே கூடினார்கள். தாடி வளர்த்த பாதிரியார் வீட்டில் சவரக்கத்தி இருக்காது என்று மனூசோஸ் கையோடு ஒன்று கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

பாதிரியார் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். "கோடே இல்லையேப்பா. எது எங்க முடியுதுன்னுகூடத் தெரியல."

"பாத்தீங்களா!" மனூசோஸ் தொடையைத் தட்டினார். "சேர்ந்துடுச்சுல்ல? வர்தாகிஸ் ரத்தம் பொய் சொல்லாது! அர்கிரோ, சோப்பும் துண்டும் எடு. டேய், வந்து உக்காருடா!"

ஸ்ட்ராடிஸ் கருகருவென்று வளர்ந்த மீசையைக் கடைசியாக ஒருமுறை நீவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரை மடக்கினான்.

அர்கிரோ சோப்புக் கிண்ணத்தோடு வந்து அவன் முன்னால் நின்றாள். "எழுந்திரு தம்பி. எனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தினது போதும்."

பிறகு கணவரை நாற்காலியில் அமர்த்தி, துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டினாள்.

"என்னடி பண்றே?"

"நீங்க ஏதென்ஸ்ல இருந்தப்பவே நம்ம சிவப்பு செத்துப்போச்சுங்க, இப்ப இருக்கறது இவன் வெட்டிக் குடுத்தது."