நாலாவது ஸ்க்ரூ

டமாரம் காருக்குள் உட்கார்ந்து பாட்டுச் சத்தத்தை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

டிக்கிக்குள் புதிதாக வைத்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒரு குத்து விட்டது. நம்பர் பிளேட் கிடுகிடுத்தது. எதிர்க்கடை ஷட்டர் பதில் சொன்னது.

டமாரம் என்பது இந்த வாடிக்கையாளருக்குக் கடையில் நாங்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும், பெருமைதான். போன மாதம்தான் அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கியிருந்தார். அதைத் துடைக்கிற மாதிரி தன் முகத்தைக்கூடத் துடைக்க மாட்டார் என்று மச்சான் சொல்வார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கார்களுக்குப் பாட்டு செட் பொருத்தும் இந்தக் கடை அவருடையது. மூட்டை தூக்கி என் இடுப்பு விட்டுப்போனபோது, தங்கைக்காக என்னைச் சேர்த்துக்கொண்டவர்.

டிக்கி ஓரம் நின்றிருந்தேன். மூக்கில் ஏதோ ஏறியது.

பெட்ரோல்.

மச்சானிடம் சொன்னேன். பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த வாடைதான் என்றார். காலையிலிருந்து பேயறைந்த மாதிரி நிற்கிறாயே, வீட்டில் சண்டையில் என் தங்கை ஜெயித்துவிட்டாளா என்று சிரித்தார்.

காலையிலிருந்துதான்.

காலையில் டிக்கி விரிப்பைத் தூக்கினேன். பழைய ஆம்ப்ளிஃபயர் பலகையை நாலு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றின் தலை சின்னது. நாலாவதன் தலை பெரியது.

பெரிய தலை என்றால் ஸ்க்ரூ ஒன்றரை இஞ்ச் நீளம். டிக்கித் தகட்டில் அரை இஞ்சுக்கு மேல் போடக் கூடாது. தகட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் சந்து. அதற்கு அடியில் பெட்ரோல் டேங்க்.

கழற்றினால் ஓட்டை வாயைத் திறந்துவிடும். பழைய பலகையை அப்படியே விட்டு, அதன் மேலேயே புதிய ஆம்ப்ளிஃபயரை ஏற்றினேன். பலகை கல் மாதிரி இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று மச்சானிடம் சொன்னேன்.

எவனோ செய்துவைத்த வேலை என்று காட்டியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை.

டமாரம் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பின் சீட்டில் அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாலை இருவரும் நெடுந்தூரம் கிளம்புகிறார்கள். வரும் வழியிலேயே டேங்கை வாய் வரை நிரப்பியாயிற்று என்று சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு குத்துக்கும் தகடு துடித்தது. தகட்டோடு அந்த ஸ்க்ரூவும் துடிக்கும்.

என் கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. பயந்தால் அரிக்கும். அரித்தது.

குனிந்தேன். காருக்கு அடியில் தரையில் ஒரு சொட்டு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

ஆம்ப்ளிஃபயர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஒரு வயர் லேசாக உரசினால் போதும்.

முன்கதவைத் திறந்தேன். கத்தினால் பதறி எதையாவது தட்டிவிடுவார் என்று அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"சார், பாட்டை நிறுத்தாதீங்க. எதையும் தொடாதீங்க. சாவி அப்படியே இருக்கட்டும், ரெண்டு பேரும் மெதுவா இறங்கி வாங்க."

என்ன என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். மனைவி செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தார்.

ஆளில்லாத கார் தெருவோரத்தில் தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டிருந்தது.

பேட்டரி முன்பக்கம், பெட்ரோலுக்குத் தள்ளி. பானட்டைத் தூக்கினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நட்டைக் கவ்வியது. வயரை இழுத்தேன்.

பாட்டு பாதியில் நின்றது. சொட்டுகிற சத்தம் கேட்டது.

மணலை அள்ளிக் கொட்டினோம். காரைத் தள்ளிக்கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்தினோம். மச்சான் டார்ச்சோடு குனிந்தார். நான் போகிறேன் என்று வாங்கிக்கொண்டு அடியில் புகுந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. கை நேராக அந்த இடத்துக்குப் போனது.

வெளியே வந்தபோது மச்சான் திட்டிக்கொண்டிருந்தார். முன்னே இந்தக் காரில் கை வைத்தவன் எவனோ, ஸ்க்ரூ பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைக்கூடப் படிக்காத முண்டம், கிடைத்தால் தோலை உரிப்பேன் என்றார். பிறகு என்னைக் காட்டினார். நாற்பது வயதில் வேலை முடிந்து பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கற்ற ஆள் சார் இவர், பாக்கெட்டை ரெண்டு தடவை படிக்காமல் ஒரு ஸ்க்ரூ எடுக்க மாட்டார், என்ன வைராக்கியமோ என்றார்.

டமாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நாங்களும் மூக்கோடதானே இருந்தோம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

என்னுடைய இன்னொரு கை மூடியிருந்தது. அதற்குள் ஒரு பச்சைச் சோப்புத் துண்டு. டேங்க் ஒழுகினால் அவசரத்துக்கு ஓட்டையில் வைத்து அமுக்குவது. காய்ந்து கல்லாகி, இன்றைய குத்தில் பெயர்ந்து தொங்கியது. அமுக்கிய விரல் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு வெட்டு.

சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கலாம். மச்சான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன், நான் கடையில் சேர்ந்த புதிதில், இந்தக் கார் வெள்ளையாக இருந்தது. அப்போது எனக்கு அரை எது, ஒன்றரை எது என்று தெரியாது.

சோப்பை டமாரத்தின் உள்ளங்கையில் வைத்தேன்.

பக்கத்தில் என் கட்டை விரலை நீட்டினேன்.