நாகம்மாவின் கைவண்ணம்

"வீட்ட வரையச் சொன்னா வெறும் கதவ வரைஞ்சி வெச்சிருக்கறீங்களேம்மா, உள்ள எத்தினி ரூமு இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் கந்தன் மாஸ்டர்.

"கதவு சாத்தியிருக்குதுங்க சார்," என்றாள் நாகம்மா.

வகுப்பே சிரித்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஓவியப் பள்ளியின் மாடி அது. பெரியவர்களுக்கான கோடைக்கால ஓவிய வகுப்பு என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள்.

பாரூரில் கரும்பும் நெல்லுமாகக் கிடந்த நாகம்மாவுக்கு ஓவியத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. அவள் வந்தது மகனுக்குப் பேசியிருக்கும் வினோதாவைப் பார்க்க. மகன் சுரேந்தருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. கூடி வந்த இரண்டு சம்பந்தமும் கடைசி நேரத்தில் கை நழுவிவிட்டன. இதையும் விட்டால் அவன் தனிக்கட்டைதான். தரகு பார்க்கும் பாப்பம்மாதான் வழி சொன்னாள்.

"பொண்ணு பாக்கப் போனா எல்லாப் பொண்ணுந்தான் தலய குனிஞ்சிகினு காபி குடுக்கும். கொணம் தெரியுமா? அந்தப் பொண்ணு சாயங்காலத்துல படம் வரையற கிளாஸுக்குப் போவுது. நீயும் போயி ஒக்காரு. யாருன்னு மட்டும் மூச்சு வுடாத."

அப்படித்தான் நாகம்மா ஓசூரில் மகனோடு வந்து தங்கி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள்.

மறுநாள் மாஸ்டர் அவரவர் நிலத்தை வரையச் சொன்னார். நாகம்மா நாலு கோடு போட்டுப் பச்சை அடித்தாள்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?"

"ஏரி வாய்க்காலுங்க சார். அது வத்துனா போர் இருக்குது."

"எத்தினி அடி? ஓவியத்துல ஆழம் முக்கியம்மா."

பக்கத்து இருக்கை ஜெயமணி எட்டிப் பார்த்தாள். "ஏங்க்கா, வேலி போட்டிருக்கறீங்களே, பக்கத்துக் காட்டுக்காரங்களோட தகராறு எதுனா உண்டா?"

"அதெல்லாம் இல்லியே. ஏம்மா?"

"இல்ல, கோட்ட அழுத்திப் போடறதா, லேசாப் போடறதான்னு கேட்டேன்."

மாஸ்டர் ஒருநாளும் பென்சிலைத் தொட்டதில்லை. "நான் போட்டா அது என் படம், நீங்க போட்டாத்தான் உங்க படம்," என்பார். எப்பேர்ப்பட்ட பெரிய மனுசன் என்று நாகம்மா வியந்தாள்.

அதைவிட வியப்பு, வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அவள் படத்தைச் சுற்றித்தான் நின்றார்கள். மற்றவர்களின் பூச்சாடிகளை ஈகூட மொய்க்கவில்லை. மூன்றாம் நாளே நாகம்மாவுக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

"எனக்குள்ள இத்தினி நாளா என்னமோ இருந்திருக்குதுடா," என்றாள் மகனிடம்.

"பொண்ணப் பாத்தியாம்மா?"

"எந்தப் பொண்ணு? ஆங்... பாத்தேன் பாத்தேன். ரப்பர் கேட்டா ஒடனே குடுக்குது. நல்ல பொண்ணு."

ஆனாலும் வந்த வேலையை அவள் அடியோடு மறக்கவில்லை. வினோதாவின் பொறுமையைச் சோதிக்க, ஒருநாள் கை தவறியதுபோல் வண்ணத் தண்ணீரை அவள் தாளில் கவிழ்த்தாள். வினோதா பதறவில்லை. "பரவால்லைங்கம்மா, எனக்கும் ஒரு ஏரி வந்துடுச்சி," என்று சிரித்தாள். பொண்ணு தேறிவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. "இன்னிக்கி கற்பனை. சமையக்கட்டுல மாமியாரும் மருமகளும்," என்றார் மாஸ்டர்.

நாகம்மாவுக்குப் பகீரென்றது. ஏதாவது தப்பாக வரைந்து, தான் யாரென்று பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால்? மெல்ல அடுப்பை வரைந்தாள். அடுப்புக்கு முன்னால் மருமகளை நிறுத்தினாள். தன்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால், எல்லோருடைய பென்சிலும் நின்றிருந்தது.

வினோதாவையும் பார்த்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்தவள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை, கண்ணெல்லாம் தூக்கம். நாகம்மாவுக்கு என்ன தோன்றியதோ, ரப்பரை எடுத்து மருமகளை அழித்தாள். நாற்காலியில் இருந்த தன்னையும் அழித்து, அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"மருமவ எங்கம்மா?" என்றார் மாஸ்டர்.

"ஷிப்ட்டுக்குப் போயிருக்குதுங்க சார். அது வர்ற வரைக்கும் கொழம்பு ஆறிப் போவாம பாத்துகினு இருக்கறேன்."

ஜெயமணி முதலில் கை தட்டினாள். பிறகு மாடியே தட்டியது. மாஸ்டர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு படம் மனிதர்களை இப்படியும் ஆட்டிவைக்குமா என்று நாகம்மா மலைத்துப் போனாள்.

படியிறங்கி வந்ததும் பாப்பம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்குது. தேதி மட்டும் கொஞ்சம் தள்ளியே பாரு. அடுத்த பேட்ச்சு பெயிண்டிங்குன்னு வெச்சா நான் சேரணும். இந்தக் கைவண்ணத்த வுட்டுடக் கூடாதுன்னு எல்லாருமே சொல்றாங்கோ. மாஸ்டரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"எந்த மாஸ்டரு?" பாப்பம்மா போனிலேயே சிரித்தாள். "அவரு பொண்ணுக்குத் தாய்மாமன், கம்பெனில மெஷின் ஓட்டறாரு. ஜெயமணி பெரியம்மா, மீதிப்பேரு அத்தை, சித்தப்பா. இப்பத்தான் எல்லாரும் சம்மதம்னு போன் பண்ணாங்கோ. ஒன்ன விசாரிக்கத்தான் நாகம்மா, அந்த மாடிய ஒரு வாரம் கேட்டு வாங்கி அந்த கிளாஸையே வெச்சாங்கோ!"