சமீபத்தில் திறந்தவை

வெளியூர் வேலைக்கான விண்ணப்பத்தை அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் அடித்தாள். அனுப்பியதும் ஃபைலை அழித்தாள். ஆனால் ‘சமீபத்தில் திறந்தவை’ பட்டியலில் அதன் பெயர் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அண்ணன் பார்த்துவிட்டான்.

“டிகிரி வாங்கின மகாராணிக்குப் பேரை அழிக்கத் தெரியலையே.”

“என் ஃபைலை நீ எதுக்கு நோண்டுறே?”

“வீட்டுக் கம்ப்யூட்டர்ல உன் ஃபைல், என் ஃபைல்னு என்ன இருக்கு? ஒழுங்கா அடங்கி இரு. இல்லேன்னா அப்பாகிட்ட சொல்லிடுவேன்.”

அடங்கவில்லை. பட்டியலை மொத்தமாகத் துடைத்தாள். வேலையும் கிடைத்தது. கிளம்பும் காலையில் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது: ‘வேலை வேண்டாம்’.

அப்படி எதையும் அவள் எழுதியதில்லை. அண்ணனுக்கோ தமிழில் அடிக்கவே வராது. திறந்தாள். அவள் நடையேதான். ‘முயற்ச்சி’ என்று அவள் வழக்கமாக விடும் பிழைகூட அப்படியே இருந்தது. வீட்டைவிட்டு எங்கும் போக விருப்பமில்லை என்று முடிந்து, கீழே அவள் பெயர். தேதி மட்டும் நாளையது.

மூடப் போனாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. அவள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல அங்கே பொத்தானே இல்லை. ‘சேமி’ மட்டும் இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அம்புக்குறி தானாகவே மெல்ல நகர்ந்து ‘சேமி’யின் மேல் போய் நின்றது.