நிர்மலாக்காவின் குரல்

பாப்பிரெட்டிப்பட்டியில் புளியும் சாமையும் விற்கும் ஆன்லைன் கடைக்குச் சர்வரைக் கவனித்துக்கொள்பவன் கதிரவன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. புது நம்பர்.

“கதிரு, நிர்மலாக்கா பேசறேன். ஏரியூர்ல மாட்டிக்கிட்டேன், வேற போன்ல பேசறேன். சர்வர் பாஸ்வேர்டைச் சொல்லு.”

முதலாளியம்மாவின் குரலேதான். அதே இழுப்பு, அதே அவசரம். கதிரவன் நிமிர்ந்து எதிரே பார்த்தான்.

“போன்ல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

“நானேதானே கேக்கறேன்! ஆர்டரெல்லாம் நின்னு கெடக்குது.”

“என்னால முடியாதுங்கக்கா.”

“அப்ப நாளையில இருந்து வேலைக்கு வராத!”

ஒன்றும் புரியாத கதிரவன், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். “சொல்லுடா!” என்று குரல் அதட்டியது.

எதிரே சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த முதலாளியம்மா நிர்மலா, தன் குரலையே கேட்டு நிமிர்ந்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

“நிர்மலா இங்கதான் இருக்கறேன். நீங்க யாருங்க?”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

“நம்ம விளம்பர வீடியோவுல இருந்து உங்க குரலை எடுத்து, கம்ப்யூட்டர்ல பேச வச்சிருக்காங்கக்கா,” என்றான் கதிரவன்.

நிர்மலா பதில் சொல்ல வாயெடுத்தாள். தன் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது.