ஏழு நாள் பனியன்

தையல்காரம்மா ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, பின்னால் வரும் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் நெஞ்சில் கை வைத்தபடி, முகத்தைச் சுளித்துச் சுளித்து, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்.

"நேத்து இடது பக்கம் வலிச்சுது. இன்னைக்குக் கை வலது பக்கம் இருக்கே, இதயம் வீடு மாறிடுச்சா?" என்று கேட்டாள்.

அவர் சட்டென்று கையை இடது பக்கம் மாற்றிக்கொண்டார். "உனக்கு எல்லாமே கிண்டல்தான். ஒருநாள் பொசுக்குன்னு போயிட்டேன்னா அப்பத் தெரியும்."

"போறவரு இந்தப் பையையாவது தூக்கிட்டுப் போங்க."

பை அவள் தோளில்தான் இருந்தது. எப்போதும் அவள் தோளில்தான் இருக்கும். துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படித்தான். துரை என்பது அவள் மனசுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர்.

தண்ணீர் கேனைத் தூக்கச் சொன்னால் துரைக்கு நெஞ்சு வலிக்கும். துணி காயப்போடச் சொன்னால் படபடவென்று வரும். டிவியில் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கும்போது மட்டும் அந்த நெஞ்சுக்கு ஒரு கேடும் வராது. இரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைத்து வீட்டையும் ஓட்டிக்கொண்டு, இந்த நாடகத்தையும் அவள் சகித்துக்கொண்டிருந்தாள்.

இன்றோடு சாயம் வெளுத்துவிடும். போன திங்கட்கிழமை, இவள் பிடித்த பிடிவாதத்தில்தான் டாக்டர் அந்தப் பனியனை அவருக்கு மாட்டிவிட்டார். துணியோடு துணியாக மெல்லிய கம்பி இழைகள், விலாப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஏழு நாள் போட்டிருந்தால் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்து வைத்துவிடுமாம். ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், நாளைக்கே வீட்டு வேலையில் பாதியைத் துரை தலையில் கட்டுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அந்தப் பனியனைப் போடுவதற்குள் மனிதர் படுத்திய பாடு இருக்கிறதே! மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவர், "அரிக்குது, இறுக்குது, இனிமே அதை நான் தொடமாட்டேன்" என்று சாய்வு நாற்காலியில் விழுந்தார்.

தையல்காரம்மாவுக்கு வந்ததே கோபம். "முப்பத்திரண்டு இஞ்சு நெஞ்சு. என் அளவுதான். இதுல எது உங்களை இறுக்குது?" என்று அதைப் பிடுங்கித் தன் நைட்டிக்குள்ளே மாட்டிக்கொண்டாள். அன்று பூராவும் அதோடுதான் மெஷின் மிதித்தாள், மாடிக்குத் தண்ணீர் கேன் சுமந்தாள், மெத்தை உறையெல்லாம் துவைத்துப் பிழிந்தாள்.

சாயங்காலம் கழற்றி அவர் மடியில் வீசினாள். "நாள் பூரா போட்டிருந்தேன். செத்தா போயிட்டேன்?"

மறுநாளிலிருந்து துரை வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் திருப்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவள் இன்னும் கைப்பிடியை விடவில்லை.

"என்ன, நின்னுட்ட?"

"உங்களுக்காகத்தான் நிக்கிறேன். நடங்க." இந்த ஆளோடு கத்திக் கத்தியே தனக்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரின் அறையில் துரை முதல் வேலையாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் உட்காரவில்லை. "டாக்டர், ஒளிக்காம சொல்லுங்க. இவருக்கு ஒண்ணும் இல்லைதானே?"

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "ஆறு நாள் ரொம்ப ஒழுங்கா ஓடியிருக்கும்மா. இருபது வயசுக்காரன் இதயம் மாதிரி."

"கேட்டீங்களா?" என்று அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?"

"இருங்கம்மா, நான் இன்னும் முடிக்கலை." டாக்டரின் குரலில் சிரிப்பு இல்லை. "இதைப் பாருங்க, புதன்கிழமை. அன்னைக்குப் பகல்ல நாலு தடவை துடிப்பு தறிகெட்டு ஓடியிருக்கு. ஒரு தடவை முழுசா நாலு செகண்டு நின்னே போயிருக்கு. இது விளையாட்டு இல்லை. இன்னைக்கே அட்மிட் பண்ணணும். இனிமே மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, மனசு நோகுற மாதிரி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

திரையில் கோடு, சிக்கு விழுந்த நூலாகக் குழம்பிக் கிடந்தது.

தையல்காரம்மா கணவர் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாக அவரைக் குத்திக் குத்திப் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "ஐயோ, நடிக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன் பாவி!" என்று விசும்பினாள். "என்னை மன்னிச்சிடுங்க. இனிமே நீங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம். கடைசி வரைக்கும் எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்."

இரண்டு வருஷமாக எதைக் கேட்க துரை இந்தப் பாடு பட்டாரோ, அத்தனையும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. டாக்டரே சான்று கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆயுளுக்கும் ராஜ வாழ்க்கைதான்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நெஞ்சில் வைத்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. சட்டென்று எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உக்காரும்மா. புதன்கிழமை அதைப் போட்டிருந்தது நீ."